வெயிலுக்குப் பந்தல் போட்ட ராசா

கடல் ஒரு பக்கம், மலை ஒரு பக்கம், நடுவுல ஒரு ஊரு. அந்த ஊருக்கு ஒரு ராசா. நல்ல ராசாதான், ஆனா ரோசக்கார ராசா. ரோசம் வந்துட்டா கண்ணும் தெரியாது, காதும் கேக்காது. ஊம் கொட்டிக்கிட்டே கேளுங்க, நடுவுல எவனாவது தூங்குனா அப்படியே நிறுத்திடுவேன்.

அந்த ராசாவுக்குப் பட்டாபிசேகம் நடந்த அன்னிக்குச் சரியான வெயிலு. பக்கத்து நாட்டு ராசாங்கள்லாம் வரிசையா உக்காந்திருக்காங்க. நம்ம ராசா பட்டு உடுத்தி, கிரீடம் வெச்சு, நெத்தி நிறையச் சந்தனம் பூசி, மீசைக்கு மை தடவி ஜம்முனு உக்காந்திருக்காரு. வெயில் ஏற ஏற வேர்வை ஊத்துது. சந்தனம் வழிஞ்சு மூக்குக்கு வருது, மை கரைஞ்சு தாடைக்கு வருது. அதைப் பாத்துட்டு ஒரு ராசா குபீர்னு சிரிச்சுட்டாரு. அவரு சிரிச்சதும் எல்லாரும் சிரிச்சாங்க. நம்மாளுக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துச்சு. சிரிச்சவன் மேல கோவப்பட்டிருந்தாலும் ஒரு நியாயம் இருக்கு. இவரு சூரியன் மேல கோவப்பட்டாரு.

"இனிமே என் மண்ணு மேல வெயில் விழக்கூடாது"ன்னுட்டாரு.

பக்கத்துல ஒரு மந்திரி. ராசா பகல்ல நிலாத் தெரியுதுன்னு சொன்னா, "ஆமாங்க, நட்சத்திரமும் தெரியுதுங்க"ன்னு சொல்ற ஆளு. அவன் சொன்னான், "அதுக்கென்ன மகாராசா, நாடு பூராவும் பந்தல் போட்டுட்டா ஆச்சு. சூரியன் வந்து வந்து பாத்துட்டு வெக்கப்பட்டுத் திரும்பிப் போகட்டும்."

அப்புறம் என்ன? இருக்குற தோப்புல எல்லாம் தென்ன மட்டைய வெட்டுனாங்க, கீத்து முடைஞ்சாங்க, மூங்கில நட்டாங்க. கடற்கரையில ஆரம்பிச்சு மலையடிவாரம் வரைக்கும் பந்தல். வயலுக்கு மேல பந்தல், தெருவுக்கு மேல பந்தல், மணலுக்கு மேலயும் பந்தல். அதுவும் பத்தாதுன்னு, கீத்து காயக்கூடாது, எப்பவும் ஈரமா ஜிலுஜிலுன்னு இருக்கணும்னு ஊர்சனம் பூராவையும் குடமும் கையுமா நிக்க வெச்சு, விடிஞ்சதுல இருந்து அடையுற வரைக்கும் தண்ணி ஊத்தச் சொல்லி உத்தரவு. ஊத்தலைன்னா சேவகன் சாட்டைய எடுப்பான்.

அந்தக் கடற்கரையில மீன்புடிக்கிற சனங்க இருந்தாங்க. அதுல பூங்காவனம்னு ஒருத்தி. வாய்க்காரி, நெஞ்சழுத்தக்காரி. புருசன் பேரு தாண்டவன். அவங்க ஊரு வழக்கத்தைச் சொல்றேன் கேளுங்க. விடியுறதுக்கு முன்னாடி தரையில இருந்து கடலுக்கு ஒரு காத்து வீசும். அதுக்குப் பேரு கரைக்காத்து. அதுல பாய விரிச்சாங்கன்னா கட்டுமரம் தன்னால கடலுக்குப் போயிடும். மத்தியானம் கடல்ல இருந்து தரைக்கு ஒரு காத்து வீசும். அது கடல்காத்து. அதுல பாய விரிச்சா கட்டுமரம் தன்னால வீட்டுக்கு வந்துடும். கொண்டுபோறதும் கொண்டுவர்றதும் காத்துதான். அதனால ஆளுக்கு ஒரு கலயம் தண்ணி, ஒரு தூக்குப் பழைய சோறு. அதுக்கு மேல எடுத்துக்கிட்டுப் போனா, "என்னடா, காத்து மேல நம்பிக்கை இல்லியா?"ன்னு கேலி பண்ணுவாங்க.

பந்தல்ல கடைசிக் கீத்து வெச்ச மறுநாள், விடியுறதுக்கு முன்னாடியே ஆம்பளைங்க எல்லாம் கடலுக்குப் போயிட்டாங்க. விடிஞ்சதும் தண்ணி ஊத்த ஆரம்பிச்சாங்க.

மத்தியானம் ஆச்சு. கடல்காத்து வரல. பொம்பளைங்க தண்ணி ஊத்திக்கிட்டே கடலைப் பாக்குறாங்க. பாயெல்லாம் தூரத்துல நிக்குது. பொழுது சாஞ்சுச்சு, காத்து வரல. இன்னும் கேட்டா, கரைக்காத்து பகல்லயும் நிக்கவே இல்ல, ஜில்லுன்னு முதுகுல அடிச்சுக் கடலுக்குப் போயிக்கிட்டே இருக்கு. மறுநாள் விடிஞ்சு பாத்தா, பாய் எல்லாம் இன்னும் தூரமாப் போயி, கண்ணைச் சுருக்குனாத்தான் தெரியுது. துடுப்புப் போட்டுத்தான் பாக்குறாங்க பாவம். ஒரு முழம் முன்னாடி வந்தா காத்து ரெண்டு முழம் பின்னாடி தள்ளுது. ஒரு கலயம் தண்ணி எத்தனை நேரத்துக்கு வரும், நீங்களே சொல்லுங்க.

பூங்காவனம் குடத்தைப் போட்டுட்டு கடல்கிட்ட ஓடுனா.

"கடலே கடலே, எம் புருசனை ஏன் கொண்டுவந்து விட மாட்டேங்குற?"

கடல் சொல்லுச்சு, "நான் என்னம்மா பண்ணுவேன்? எனக்குக் காலா இருக்கு? காத்து தள்ளுனா நான் நகருவேன். காத்தைக் கேளு."

அப்புறம் காத்தைக் கேட்டா. "காத்தே காத்தே, கடல்ல இருந்து ஏன் வர மாட்டேங்குற?"

காத்து சொல்லுச்சு, "கூப்புடாத வீட்டுக்கு எப்படிம்மா வருவேன்? தினமும் வெயில் ஏறுனா உங்க மண்ணு கொதிக்கும். மண்ணு மேல இருக்குற காத்து சூடாகி லேசாகி மேல போயிடும். அந்த இடம் காலியா இருக்கும். அதை ரொப்பத்தான் நான் கடல்ல இருந்து ஓடிவருவேன். இப்ப உங்க மண்ணு கடலை விட ஜில்லுன்னு கெடக்கு. குளுந்த காத்து கனமா இருக்கும், அது கீழ எறங்கிக் கடலுக்குத்தான் போவும். மண்ணு ஏன் சுடலைன்னு சூரியனைக் கேளு."

அப்புறம் சூரியனைக் கேட்டா. "சூரியா சூரியா, மண்ணை ஏன் சுட மாட்டேங்குற?"

சூரியன் சொல்லுச்சு, "நான் எப்பவும் போலத்தாம்மா காயுறேன். காத்தை ஓட்டுறதும் நான்தான், கடல்தண்ணிய ஆவியாக்கி மேல தூக்கி மேகமாக்குறதும் நான்தான். ஆனா என் சூடு உங்க மண்ணுல விழணுமே? நடுவுல ஈரக்கீத்து நிக்குது. அந்தக் கீத்தைக் காய வெக்கிறதுக்கே என் சூடு பூராவும் போயிடுது. இப்படியே விட்டா இந்தக் காத்தும் வராது, இந்தக் காத்து தூக்கிட்டு வர்ற மேகமும் வராது. உங்க ராசாவைப் போய்க் கேளு."

பூங்காவனம் அப்படியே அரண்மனைக்கு ஓடுனா. ராசா கால்ல விழுந்தா. "மகாராசா, பந்தலைப் பிரிங்க. இல்லைன்னா கடலுக்குப் போன எங்க ஆம்பளைங்க ஒருத்தரும் திரும்ப மாட்டாங்க"ன்னு விசயம் பூராவும் சொன்னா.

மந்திரி விழுந்து விழுந்து சிரிச்சான். "கேட்டீங்களா மகாராசா! மண்ணு சுட்டாத்தான் காத்து வருமாம். காத்து என்ன, சோத்துச் சட்டியப் பாத்து வர்ற பூனையா?"

ராசாவும் சிரிச்சாரு. "போம்மா போ. அந்தச் சூரியனுக்கு முன்னாடி நான் தோத்துப் போகணுமா? பிரிக்க முடியாது."

பூங்காவனத்துக்கு அழுகை வரல, ஆத்திரம்தான் வந்துச்சு. அழுது இங்க ஆவப்போறது ஒண்ணும் இல்லன்னு புரிஞ்சுபோச்சு. எழுந்து நின்னா. மூஞ்சிய மாத்திக்கிட்டா. சிரிச்சா.

"சரிங்க மகாராசா. நான் பட்டிக்காட்டுக் கழுதை, எனக்கென்ன தெரியும். ஆனா ஒரு சங்கதிங்க. இம்மாம் பெரிய பந்தலைப் போட்டுட்டு அதை நீங்களே ஒரு தடவை கூட முழுசாப் பாக்கலியே? உள்ள இருந்து பாத்தா கீத்துதான் தெரியும். கடல்ல இருந்து பாத்தா, கரையும் மலையும் ஒண்ணாச் சேந்து, அடடா! நான் படகு ஓட்டுறேங்க."

"அங்க வெயில் அடிக்குமே?"

"குடை புடிச்சுக்கலாங்க. போறதும் வர்றதும் ஒரு நாழி."

ராசா மந்திரியப் பாத்தாரு. மந்திரிக்குக் கடல்னா பயம். "நீங்க போய்ட்டு வாங்க மகாராசா, நான் இங்க தண்ணி ஊத்துறதைப் பாத்துக்கறேன்"னுட்டான்.

அப்புறம் ராசாவோட படகு கெளம்புச்சு. துடுப்புப் போட ஆளுங்க, வெள்ளைக் குடை, ஒரு முரசு, ஒரு கூசா பானகம். பூங்காவனம் சுக்கான் புடிச்சா. கரைக்காத்து சும்மா அள்ளிக்கிட்டுப் போச்சு. ராசா திரும்பிப் பாத்தாரு. "ஆகா! ஆனா மலைப்பக்கம் தெரியலியே, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போ"ன்னாரு. போனா. "இப்ப மலை தெரியுது, தெக்குப்பக்கம் தெரியல, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போ"ன்னாரு. போனா. "தெக்கு தெரியுது, வடக்கு தெரியல, இன்னும் கொஞ்சம்"னாரு. அதுக்கும் போனா. பாருங்க, அவ ஒரு தடவை கூட தள்ளிப் போகலாமான்னு கேக்கல. அவராத்தான் சொன்னாரு.

கண்ணு நெறையப் பாத்தாரு, பானகத்தைப் பூராவும் குடிச்சாரு. "போதும், படகைத் திருப்பு"ன்னாரு.

திருப்புனாங்க. துடுப்புப் போட்டாங்க. படகு கரைப்பக்கம் மூக்கை வெச்சுக்கிட்டே பின்னாடி பின்னாடி போவுது. "வேகமாப் போடுங்கடா!"ன்னு கத்துனாரு. போட்டாங்க, கை காப்புக் காச்சுது, படகு பின்னாடி போவுது. ஒரு காத்து அடிச்சுது பாருங்க, வெள்ளைக் குடை பிச்சுக்கிட்டுப் பறந்துபோயிடுச்சு. இப்ப ராசா தலைக்கு மேல சூரியன், சுத்தி எல்லாப் பக்கமும் தண்ணி, குடிக்க ஒரு சொட்டு இல்ல.

ராசாவுக்கு மொகம் வெளுத்துச்சு. "பூங்காவனம், காத்து எப்ப திரும்பும்?"

"பந்தல் இருக்குற வரைக்கும் திரும்பாதுங்க."

"முரசை அடி! கரையில இருக்குறவங்களுக்குக் கேக்கட்டும்!"

அடிச்சாங்க. காத்து கரையில இருந்துல்ல வருது? சத்தத்தையும் சேத்துக் கடலுக்குள்ளதான் தள்ளிக்கிட்டுப் போச்சு. கரையில ஒரு ஈ காக்காய்க்குக் கேக்கல.

"ஒங்க முத்திரை மோதிரத்தைக் குடுங்க. நான் நீந்திக் கரைக்குப் போறேன். பந்தலைப் பிரிக்கச் சொல்றேன்"னா பூங்காவனம்.

"நீ என்னைய இங்க வுட்டுட்டுப் போயிட்டா?"

"மகாராசா, எம் புருசன் ஒங்களுக்கும் அந்தாண்ட கெடக்காரு. காத்து வந்தாத்தான் அவரு வருவாரு. அவரு வந்தா நீங்களும் வருவீங்க. எனக்கு ஒங்க மேல ஒண்ணும் ஆசை இல்ல, அவரு மேல இருக்கு. சீக்கிரம் கழட்டுங்க."

ராசா கழட்டிக் குடுத்தாரு. அந்த நேரத்துலயும் வெரல்ல இருந்து மோதிரம் வர மனசில்லாமத்தான் வந்துச்சு. அவ அதைத் தாலிக்கயித்துல முடிஞ்சுக்கிட்டு, ஒரு பலகையை நெஞ்சுக்கு அணைச்சுக்கிட்டுக் குதிச்சா. நீந்துறா, நீந்துறா, உப்புத்தண்ணி கண்ணுல அடிக்குது, காத்து மூஞ்சியில அடிக்குது. கை ஓஞ்சுபோனா பலகை மேல சாஞ்சுக்குறா, சாஞ்சா பின்னாடி தள்ளிடுது, மறுபடியும் நீந்துறா. என்னடா, பயமா இருக்கா? எனக்கும்தான் சொல்லச் சொல்ல நெஞ்சு அடிச்சுக்குது.

பொழுது சாயுறதுக்கு முன்னாடி கரை ஏறிட்டா. நிக்க முடியாம முட்டி போட்டுக்கிட்டே மோதிரத்தைத் தூக்கிக் காட்டுனா. "ராசா உத்தரவு! பந்தலைப் பிரிங்க! அவரும் கடல்ல மாட்டிக்கிட்டாரு!"

மந்திரி வந்தான். மோதிரத்தைப் பாத்தான், கடலைப் பாத்தான். ராசா படகு புள்ளியாத் தெரியுது. அவன் மனசு அப்பவே கணக்குப் போட்டுடுச்சு. ராசா திரும்பலைன்னா நாடு யாருக்கு?

"திருடி!"ன்னு கத்துனான். "ராசாவைக் கடல்ல தள்ளிட்டு மோதிரத்தைப் புடுங்கிட்டு வந்திருக்கா! மோதிரத்தை என்கிட்ட குடு. ஏ, எல்லாரும் தண்ணி ஊத்துங்க, நிறுத்தக்கூடாது!"

சேவகன் சாட்டையத் தூக்கிட்டான். பூங்காவனத்துக்குப் பேச மூச்சு இல்ல. ஆனா பேசுனா.

"ஏய் பொம்பளைங்களா! ஒவ்வொரு குடம் தண்ணி ஊத்தும்போதும் உங்க உங்க புருசனைத்தான் தள்ளிவுடுறீங்க, தெரியுதா? ஏ சேவகங்களா! ராசா படகுல துடுப்புப் போடுறவன் யாரு? உங்க அண்ணன் தம்பிதானே? அவனுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல. இங்க கீத்துக்கு ஊத்துறீங்க!"

ஒருத்தி குடத்தைக் கீழ வெச்சா. பக்கத்துல இருந்தவ வெச்சா. அப்புறம் கடற்கரை பூராவும் டம் டம்முனு குடம் எறங்குற சத்தம். சேவகங்க தலைவன் வந்து மோதிரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தான். அவன் தம்பி அந்தப் படகுல இருக்கான். "இது ராசா முத்திரைதான். கயித்தை அறுங்கடா"ன்னான்.

அறுத்தாங்க. கீத்தை இழுத்தாங்க, மூங்கிலைப் புடுங்குனாங்க, எல்லாத்தையும் தூக்கி ஓரத்துல குமிச்சாங்க. அந்தக் களேபரத்துல மந்திரி நைசா நழுவுனான். ஊருக்குள்ள போனா புடிச்சுடுவாங்க, வேற வழி இல்ல. பயத்துல கடல் பயமே போயிடுச்சு அவனுக்கு. ஒதுக்குப்புறமாக் கெடந்த ஒரு சின்னப் படகைத் தள்ளிக்கிட்டு, "இந்தக் காத்துல போனா விடியுறதுக்குள்ள அடுத்த நாடு"ன்னு கெளம்பிட்டான்.

ஆனா பந்தல் பூராவும் பிரிச்சு முடிக்கும்போது சூரியன் மலைக்கு அந்தாண்ட எறங்கிடுச்சு. மண்ணெல்லாம் ஈரம். ஜில்லுன்னு கெடக்கு. இனி நாளைக்குத்தான். அந்த ராத்திரி அந்தக் கரையில யாரும் அடுப்புப் பத்த வெக்கல.

விடிஞ்சுது. சூரியன் கடல்ல இருந்து வந்துச்சு. வெயில் மண்ணுல விழுந்துச்சு, மண்ணு ஆவி விடுது, ஆனா காத்து இன்னும் கடலுக்குத்தான் போவுது. கடலைப் பாத்தா ஒரு பாய் கூட கண்ணுக்குத் தெரியல. ஒருத்தி அழ ஆரம்பிச்சா. பூங்காவனம் அவளைப் பாக்கல, குனிஞ்சு மணல்ல உள்ளங்கைய வெச்சுப் பாத்தா. ஈரம். கொஞ்ச நேரம் கழிச்சு வெச்சா. வெதுவெதுப்பு. இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு வெச்சா. கை பொத்துப்போச்சு! வெடுக்குனு எடுத்துக்கிட்டா.

அப்பத்தான் காத்து நின்னுச்சு. ஒரு எலை அசையல. எல்லாரும் மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. கம்புல காயப்போட்டிருந்த வலை மெல்ல ஆடுச்சு. எந்தப் பக்கம்? ஊர்ப்பக்கம்! அடுத்த நிமிசம் உப்பு வாசனையோட, ஈரத்தோட, ஹோன்னு வந்துச்சு பாருங்க கடல்காத்து! பொம்பளைங்க முந்தானை எல்லாம் ஊரைப் பாத்துப் பறக்குது. ஒருத்திக்கும் அழுகைய அடக்க முடியல.

மொதல்ல ஒரு படகு வந்து கரையில மோதுச்சு. யாருன்னு ஓடிப்போய்ப் பாத்தா, மந்திரி! ராத்திரி பூராவும் அடுத்த நாட்டுக்குப் போறோம்னு போனவனை, மண்ணு சுட்டாத்தான் வருமான்னு அவன் கேலி பண்ணிச் சிரிச்ச அதே காத்து, கெளம்புன எடத்துலயே கொண்டுவந்து தள்ளிட்டுப் போயிடுச்சு. துடுப்பைக் கையில புடிச்சபடியே முழிச்சான். சேவகங்க தலைவன் கயித்தை எடுத்தான், கட்டுனான்.

அப்புறம் வெள்ளையா ஒரு பாய் தெரிஞ்சுது, அப்புறம் இன்னொண்ணு, அப்புறம் வரிசையா வந்தாங்க. கடைசியா தாண்டவனோட கட்டுமரம், ராசா படகைக் கயித்துல கட்டி இழுத்துக்கிட்டு வந்துச்சு. தாண்டவன் ஒதடு வெடிச்சு ரத்தம் கட்டியிருக்கு. கட்டுமரத்து மேல கலயம் கவுந்து கெடக்கு. ராசாதான் சொன்னாரு, "நான் யாருன்னு கூடக் கேக்கல. நாக்கு ஒட்டிக்கிச்சுன்னு சைகை காட்டுனேன். கலயத்துல ஒரு வாய்த் தண்ணிதான் இருந்துச்சு. எனக்குக் குடுத்துட்டான்."

பூங்காவனம் அதைக் காதுல வாங்கிக்கவே இல்ல. புருசன் தலைய மடியில வெச்சுக்கிட்டு, நீராகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா வாயில விட்டா. மூணாவது வாய் உள்ள எறங்கி அவன் கண்ணைத் தொறந்தப்புறம்தான் நிமிந்து பாத்தா. ராசா நிக்கிறாரு. மூஞ்சி பூராவும் தோல் உரிஞ்சு, வேர்வை ஊத்திக்கிட்டு நிக்கிறாரு.

"தப்புப் பண்ணிட்டேன். மந்திரி இனிமே ஊருக்கெல்லாம் குடம் குடமாத் தண்ணி சொமக்கட்டும், அது அவனுக்கு. ஒனக்கு என்ன வேணும், கேளு"ன்னாரு.

அவளுக்கு அப்பத்தான் அடக்கி வெச்ச கோவம் எல்லாம் பொங்குச்சு. "எனக்கு ஒண்ணும் வேணாம் சாமி. நாளைக்கு இவங்க கடலுக்குப் போவாங்க. போகாம எங்களுக்குச் சோறு இல்ல. நீங்க வந்து எங்களோட இந்த வெயில்ல நில்லுங்க. குடை இல்லாம நில்லுங்க. கடைசிக் கட்டுமரம் கரையேறுற வரைக்கும் நில்லுங்க. நாளைக்கு மட்டும் இல்ல, தினமும்."

ராசா மறுநாள் வந்து நின்னாரு. அதுக்கு மறுநாளும் வந்து நின்னாரு. கொஞ்ச நாள்ல கடல்காத்து மேகத்தையும் தூக்கிட்டு வந்து, மலையில மோதி, ஏரி குளம் எல்லாம் ரொம்புற மாதிரி மழை கொட்டுச்சு. மழைக்கு அப்புறமும் நின்னாரு.

ஒரு நாள் மேகம் மறைச்சுக் காத்து வர நேரமாயிடுச்சு. பொம்பளைங்க எல்லாம் கடலையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. ராசாவும் அவங்களுக்கு நடுவுல நிக்கிறாரு. அவரு வாய் மட்டும் முணுமுணுக்குது. பக்கத்துல போய்க் கேட்டா, "சூரியா, இன்னும் கொஞ்சம் காய்டா சாமி, இன்னும் கொஞ்சம் காய்டா"ன்னு வேண்டிக்கிட்டு இருக்காரு.

வெயிலைத் திட்டாதீங்க கண்ணுங்களா. அது காயலைன்னா காத்தும் இல்ல, மேகமும் இல்ல. போன மரமும் வந்தாச்சு, பொங்குன சோறும் தின்னாச்சு, கதையும் கரை சேந்தாச்சு, போய்ப் படுங்க.